ரோஸ்டரிலிருந்து இறக்கினால் தண்டனையா?

பெரம்பூர், அயனாவரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் "சிக்னல் தாண்டிட்டார்" என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ரயில் ஓட்டுநரை வண்டியிலிருந்து இறக்குவார்கள், மூச்சுப் பரிசோதனை, பிறகு சஸ்பென்ஷன் ஆர்டர். அதே கண்ணோடு "விமானிகள் பணியிலிருந்து விலக்கிவைப்பு" என்ற செய்தியைப் படித்தால், ஆள் மாட்டிக்கொண்டார் என்றே தோன்றும். விமானத் துறையில் அதற்குப் பொருள் வேறு.

தரையிறங்கும்போது விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் அவசரம் ஆளைப் பிடிப்பதில் இல்லை. விமானி அறைக் குரல் பதிவுக் கருவியின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிடுவதில் இருக்கிறது. இன்று பறக்கும் பெரும்பாலான ஜெட்களில் அது கடைசி 2 மணி நேரத்தை மட்டுமே வைத்திருக்கும். பழைய பேச்சின் மேல் புதுப் பேச்சு ஏறிக்கொண்டே போகும். பிரேக்கரை மறந்துவிட்டால், நிறுத்திய விமானத்தில் மின்சாரம் ஓட, பொறியாளர்களின் அரட்டை பதிவாகி, வேண்டிய நிமிடங்கள் போய்விடும். உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கும் சொதப்பல் இது. 2022 முதல் தயாராகும் 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களுக்கு 25 மணி நேரப் பதிவு வேண்டும் என்று சர்வதேச விதி வந்ததும் இதனால்தான்.

அடுத்து மூச்சுப் பரிசோதனை. பிறகு கேப்டன், இணை விமானி, கேபின் குழுவினர் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதித் தரும் வாக்குமூலம். கூடிப் பேசிவிட்டு எழுதினால் நான்கு பேரின் நினைவும் ஒன்றாகிவிடும். அதன் பின்தான் ரோஸ்டரிலிருந்து, அதாவது பணி அட்டவணையிலிருந்து, இறக்குவது. அதிர்ச்சியில் இருப்பவர் மறுநாள் பறக்கக் கூடாது, விசாரணைக்கும் கைக்கெட்ட வேண்டும்.

இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது. விபத்தையும் கடுமையான சம்பவத்தையும் விமான விபத்து விசாரணைப் பிரிவு (ஏஏஐபி) எடுத்துக்கொள்ளும்; சிறியவற்றை, விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) கண்காணிப்பில், நிறுவனத்தின் நிரந்தர விசாரணைக் குழு பார்க்கும். சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு சொல்வது ஒன்றே: இந்த விசாரணையின் நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல. ஒழுங்கு நடவடிக்கை தேவையென்றால் அது தனிக் கோப்பு. இங்கே மனம்விட்டுச் சொன்னதை அங்கே மெமோவில் ஒட்டினால், அடுத்த கேப்டன் வாயைத் திறக்க மாட்டார்.

தவறா, அலட்சியமா என்று பிரிக்க எளிய கேள்வி உண்டு: அதே பயிற்சி பெற்ற வேறொருவர் அந்த இடத்தில் இருந்திருந்தால்? நாளின் நான்காவது பயணம் முடிந்து, கேட்டரிங்காரர் வெளியே கதவைத் தட்ட, பணிப்பெண் சறுக்கு தானாக விரியும் அமைப்பை அணைக்காமல் கதவைத் திறக்கிறார். அவசரச் சறுக்கு விரிந்துவிடுகிறது. பலரும் இப்படியே தவறியிருப்பார்கள் என்றால் திருத்த வேண்டியது நடைமுறையை. எதிர்க் கதவில் நிற்பவர் சரிபார்த்தாரா, யார் அவசரப்படுத்தினார் என்று கேட்க வேண்டும்.

இதில் தண்டனை பயத்தின் விலை பெரிது. 2010 மே 22 அன்று மங்களூரில் விமானம் சரியான நிலையில் இறங்கவில்லை. இணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' (இறங்காமல் மேலேறுங்கள்) என்று சொல்லியும் கேப்டன் தொடர்ந்தார். சுமார் 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரை தொட்டது. 158 பேர் இறந்தனர். மீண்டும் மேலேறியதற்காக எந்த விமானியையும் 'எரிபொருளை ஏன் வீணாக்கினாய்' என்று கேட்கக் கூடாது என்பதைச் சொல்ல இதைவிட உதாரணம் வேண்டாம்.

குடிக்கு மட்டும் சலுகை இல்லை. பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் தொடக் கூடாது. பறக்கும் முன் நடக்கும் பரிசோதனையில் முதல்முறை சிக்கினால் 3 மாதம் உரிமம் நிறுத்தம், இரண்டாம் முறை 3 ஆண்டு, மூன்றாம் முறை ரத்து. பதிவேட்டில் (லாக்) பொய் எழுதுவதும் ஆதாரத்தை மறைப்பதும் எந்த நிறுவனத்திலும் ஒழுங்கு நடவடிக்கைதான்.

மற்றவர்கள் ஆலோசனை, சிமுலேட்டர் பயிற்சி, மேற்பார்வையில் சில பயணங்கள் முடித்துத் திரும்புவார்கள். இடைப்பட்ட வாரங்களில்தான் ஒரு நெருடல். விமானியின் வருமானத்தில் நல்ல பங்கு பறந்த மணிக்கணக்கில் வருவது. பறக்காதவருக்கு அந்தப் பங்கை நிறுவனம் ஈடுகட்டாவிட்டால், காகிதத்தில் தண்டனை இல்லை என்றாலும் மாதக் கடைசியில் வீட்டுக்கு வருவது அபராதம்தான்.