ஓஆர்எஸ்னு பேர் போட்டிருந்தா எல்லாம் ஓஆர்எஸ் ஆயிடாது

போன மாசம் ஒருநாள் ராத்திரி ஒன்பது, ஒன்பதேகால் இருக்கும். ஷட்டரை பாதி இறக்கிட்டு கணக்கு பாத்துட்டு இருந்தேன், ஒரு பொண்ணு ஓடி வந்துச்சு, இடுப்புல ஒன்றரை வயசு பாப்பா, பின்னாடியே மாமியார். "அண்ணே, காலையில இருந்து பாப்பாவுக்கு வயித்தால போகுதுண்ணே, ஏழெட்டு தடவ போயிருச்சு, ஓஆர்எஸ் ஜூஸ் ரெண்டு குடுங்க, ஆப்பிள் வாசம் வருமே அது."

காலையில இருந்து என்ன குடுத்தீங்கம்மான்னு கேட்டேன். அதே ஜூஸ்தான், பஸ் ஸ்டாண்ட் கடையில வாங்கினது, ரெண்டு பாக்கெட் காலி, "நல்லா குடிக்கிறாண்ணே, ஆனா குடிக்க குடிக்க இன்னும் தண்ணியா போகுது" அப்படின்னாங்க. பாப்பா அழுதுச்சு, கண்ணுல தண்ணி வரல. வாய் காஞ்சு போயிருந்துச்சு. கடைசியா எப்ப ஒண்ணுக்கு போச்சுன்னு கேட்டா ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க, ஏன்னா நாள் பூரா டயப்பர் போட்டிருக்காங்க, எது மலம் எது மூத்திரம்னு தெரியல. நான் எந்த ஜூஸும் குடுக்கல. பவுடர் பாக்கெட் ஒண்ணு எடுத்து, கடையில இருந்த ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல அங்கேயே கரைச்சு, வழியெல்லாம் ஸ்பூன்ல குடுத்துட்டே போங்கன்னு சொல்லி நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏத்தி விட்டேன்.

மெடிக்கல் ஷாப் வச்சு பத்தொன்பது வருசம் ஆச்சு. இந்த ஒரு விசயத்தை எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன், அன்னைக்கு ராத்திரிதான் இனிமே தள்ளிப் போடக்கூடாதுன்னு முடிவு பண்ணேன்.

முதல்ல ஓஆர்எஸ்னா என்னன்னு பாத்துருவோம். பேதியில உடம்பு இழக்கற தண்ணியையும் உப்பையும் ஈடு கட்ட வாய் வழியா குடுக்கற உப்பு-சக்கரைக் கரைசல் அது. அது ஒரு கம்பெனி பேர் கிடையாது, ஜூஸ் வகையும் கிடையாது. அது ஒரு அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி ஒரு லிட்டர் தண்ணிக்கு சாதா உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், மொத்தமா 20.5 கிராம். இந்த அளவு மாறினா அது ஓஆர்எஸ் இல்ல, அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு கறாரான கணக்குன்னா, நம்ம சிறுகுடல் சுவர்ல ஒரு கதவு மாதிரி ஒரு அமைப்பு இருக்கு, அதுல குளுக்கோஸும் சோடியமும் ஜோடியா வந்தாதான் உள்ள விடும், அது ரெண்டும் உள்ள போகும்போது தண்ணியும் கூடவே போயிரும். 1960-ல ராபர்ட் கிரேன்ங்கற விஞ்ஞானிதான் இந்த விசயத்தை முதல்ல எடுத்து சொன்னாரு. இதுல பெரிய விசயம் என்னன்னா காலரா மாதிரி கடுமையான பேதியில கூட இந்தக் கதவு அடைபடறதில்ல. குடல் ஒரு பக்கம் தண்ணிய வெளிய கொட்டிட்டு இருந்தாலும் இந்த வழியா நாம தண்ணிய உள்ள அனுப்பலாம். சக்கரை அதுல இருக்கறது ருசிக்கோ தெம்புக்கோ இல்ல, உப்பையும் தண்ணியையும் கூட்டிட்டு போகத்தான்.

அந்த சக்கரை அளவுக்கு மேல போனா என்ன ஆகும்? வீட்ல பெரிய நெல்லிக்காயில சக்கரை கொட்டி ஜாடியில மூடி வைப்பாங்க, மறுநாள் திறந்து பாத்தா காய்ல இருந்த தண்ணியெல்லாம் வெளிய வந்து பாகா நிக்கும். குடல்லயும் அதேதான். சக்கரை ஜாஸ்தியா உள்ள போனா அது உடம்புல இருக்கற தண்ணிய குடலுக்குள்ள இழுத்துக்கும், பேதி இன்னும் அதிகமாகும். அந்தப் பொண்ணு சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, குடிக்க குடிக்கத்தான் தண்ணியா போச்சு.

அன்னைக்கு அவங்க கையில இருந்த காலி டப்பாவை வாங்கி பின்னாடி படிச்சேன். 200 மில்லி டப்பா, சக்கரை இருபது கிராமுக்கு மேல. உண்மையான ஓஆர்எஸ்ல 200 மில்லிக்கு குளுக்கோஸ் 2.7 கிராம்தான் வரணும். இதுல இன்னொன்னு, பழைய ஓஆர்எஸ் கணக்குல லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோஸ் இருந்துச்சு, அதுவே ஜாஸ்தி, குறைச்சா பேதியும் வாந்தியும் குறையுது, குளுக்கோஸ் பாட்டில் ஏத்தற தேவையும் குறையுதுன்னு ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டு 2002-ல 13.5-க்கு கொண்டு வந்தாங்க. 20 கிராமே அதிகம்னு குறைச்ச இடத்துல நாம லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல சக்கரை இருக்கற தண்ணிய பேதி மருந்துன்னு நம்பி புள்ளைக்கு ஊத்திட்டு இருந்திருக்கோம். உப்பும் அதுல தேவையான அளவுக்கு இல்ல.

நானும்தான் வித்தேன், அதை மறைக்க விரும்பல. நாலஞ்சு வருசம் முன்னாடி வரைக்கும் டெட்ரா பாக்கெட் பெட்டி பெட்டியா வாங்கி ஃப்ரிட்ஜ்ல அடுக்கி வச்சிருந்தேன், ரெப் வந்து பத்துக்கு ரெண்டு ஃப்ரீன்னு ஸ்கீம் குடுப்பாரு, பவுடர் பாக்கெட்ல அந்த லாபம் கிடையாது. சீட்டுல டாக்டர் ஓஆர்எஸ்னு எழுதியிருப்பாரு, கஸ்டமர் ஜூஸ்ல இருக்கான்னு கேப்பாங்க, முன்னாடி பெருசா ஓஆர்எஸ்னு இருக்கு, எடுத்து குடுத்துருவோம். பி.ஃபார்ம் படிச்ச நானே பின்னாடி திருப்பிப் படிக்காம குடுத்திருக்கேன்னா, படிக்காத பாட்டி என்ன பண்ணும்? எத்தனை புள்ளைங்களுக்கு போயிருக்கும்னு நினைச்சா இப்பவும் மனசு கனக்குது.

இதை எதிர்த்து வருசக்கணக்கா தனியா நின்னு போராடினவங்க ஹைதராபாத் குழந்தைகள் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ். கோர்ட்டுக்கு போனாங்க, அதிகாரிங்களுக்கு எழுதினாங்க, வீடியோ போட்டாங்க, கிட்டத்தட்ட எட்டு வருசம். நடுவுல 2022-ல உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதான் எஃப்எஸ்எஸ்ஏஐ, இந்த மாதிரி பானத்துல ஓஆர்எஸ்ங்கற பேர் வரக்கூடாதுன்னு சொன்னாங்க, அப்புறம் அதே வருசம் ட்ரேட்மார்க்கோட சேத்து போட்டுக்கலாம், "இது உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஓஆர்எஸ் இல்ல"ன்னு ஒரு வரி போட்டா போதும்னு தளர்த்திட்டாங்க. கடைசியில 2025 அக்டோபர் 14-ந்தேதி அந்த அனுமதியையும் வாபஸ் வாங்கினாங்க, முன்னாடி பின்னாடி எந்த வார்த்தை சேத்தாலும் சரி, உணவுப் பொருள்ல ஓஆர்எஸ்னு போடக்கூடாதுன்னு உத்தரவு.

நல்ல உத்தரவு, மனசார வரவேற்கிறேன். ஆனா அந்த நடு வருசங்களை பத்தி எனக்கு கோபம் இருக்கு. பெரிய எழுத்துல ஓஆர்எஸ், பொடி எழுத்துல இங்கிலீஷ்ல "இது ஓஆர்எஸ் இல்ல". பேதியில துவண்டு கிடக்கற புள்ளைய தோள்ல போட்டுக்கிட்டு அந்த வரிய யாரு படிப்பா? ஒரு பொருள்ல பேரே தப்பா இருந்தா பேரை எடுக்கச் சொல்லணும், தப்பான பேரை வச்சுக்கிட்டு கீழ ஒரு மறுப்பு போட்டுக்கோன்னு சொல்றது மக்களுக்காக போட்ட விதி மாதிரி எனக்கு தெரியல.

சரி, பேரை எடுத்தாச்சே, பிரச்சினை முடிஞ்சுதான்னா இல்ல. ஜனங்க வாயில அந்தப் பேர் இன்னும் இருக்கு, ரேக்ல அதே மாதிரி கலர்ல அதே மாதிரி டப்பாவை பாத்தா "அந்த ஓஆர்எஸ் ஜூஸ்"னுதான் கேக்கறாங்க. பெட்டிக்கடையிலயும் பேக்கரியிலயும் கூல்ட்ரிங்ஸ் பக்கத்துல இருக்கும். அதனால பாக்கெட்டை திருப்பிப் பாக்க பழகிக்கோங்க. பதினாலு இலக்கத்துல எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர் இருந்தா அது உணவுப் பொருள், குடிக்கிற பானம், பேதிக்கு மருந்து இல்ல. நிஜ ஓஆர்எஸ் மருந்துக் கணக்குல வரும், மருந்து தயாரிக்கிற லைசென்ஸ் நம்பர் இருக்கும், மேல நான் சொன்ன நாலு பொருளும் அளவோட அச்சடிச்சிருக்கும். டெட்ரா பாக்கெட்லயே சரியான அளவுல வர்ற ஓஆர்எஸ்ஸும் இருக்கு, எல்லா டப்பாவும் தப்புன்னு நான் சொல்லல, ஆனா பவுடர் ஒண்ணு வாங்கினா ஒரு லிட்டர், டப்பா 200 மில்லி, எது கட்டுப்படியாகும்னு நீங்களே பாத்துக்கோங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா பவுடர் இலவசமாவே குடுப்பாங்க.

இப்ப பவுடர்லயும் ஒரு ஆபத்து இருக்கு, இதை தயவுசெஞ்சு கவனமா படிங்க. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு, ரெண்டும் கடையில இருக்கு. பெரிய பாக்கெட்டை பிரிச்சு ஒரு டம்ளர் தண்ணியில ஒரு ஸ்பூன் போட்டு கலக்கி, மீதிய மடிச்சு ரப்பர் பேண்ட் போட்டு வைக்கறதுதான் நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி வீட்ல நடக்குது. கெட்டியா கலந்துட்டா உப்பு ஜாஸ்தியாகி குழந்தையோட ரத்தத்துல சோடியம் ஏறும், ஃபிட்ஸ் வர்ற அளவுக்கு போகலாம். தண்ணியா கலந்துட்டா பிரயோஜனம் இல்ல. பாக்கெட் மொத்தத்தையும் ஒரே தடவையில, கொதிக்க வச்சு ஆறின தண்ணி ஒரு லிட்டர் அளந்து, அதுல கொட்டணும். கரைச்ச பிறகு அடுப்புல வைக்கக்கூடாது, பால்லயோ ஜூஸ்லயோ கலக்கக்கூடாது, புள்ள குடிக்கலன்னு சக்கரை சேக்கக்கூடாது. 24 மணி நேரம் தாண்டினா மிச்சம் எவ்வளவு இருந்தாலும் கீழ ஊத்திட்டு புதுசா கலக்கணும்.

குடுக்கற விதமும் முக்கியம். ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50-லிருந்து 100 மில்லி, அதுக்கு மேல பத்து வயசு வரைக்கும் 100-லிருந்து 200 மில்லி. ஒரேயடியா டம்ளரை வாயில கவுத்தா வாந்திதான் எடுக்கும், ஸ்பூன் ஸ்பூனாத்தான். வாந்தி எடுத்துட்டா பத்து நிமிசம் விட்டுட்டு மறுபடி மெதுவா ஆரம்பிக்கணும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது, சாப்பாட்டையும் நிறுத்தக்கூடாது, "வயிறு காலியா இருந்தா நின்னுரும்"னு பெரியவங்க சொல்றது பாசத்துல சொல்றதுதான், ஆனா தப்பு. உப்பு போட்ட கஞ்சி, மோர் எல்லாம் நல்லது. இளநீர் குடுக்கலாம், ஆனா அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, அதனால ஓஆர்எஸ்ஸுக்கு பதிலா அதை மட்டும் நம்பக்கூடாது.

பேதியை டக்குனு நிறுத்தற மாத்திரை குடுங்கன்னு கேக்கறாங்க, பெரியவங்களுக்கு தர்ற லோபரமைடு சின்னக் குழந்தைக்கு குடுக்கக்கூடாது, யாரு கேட்டாலும் நான் தரமாட்டேன். ஆன்டிபயாட்டிக்கும் பெரும்பாலான குழந்தை பேதிக்கு தேவைப்படறதில்ல, நிறைய வைரஸால வர்றது. குழந்தை துவண்டு போயிருந்தா, குடிக்க முடியலன்னா, கண்ணு குழி விழுந்திருந்தா, வயித்துத் தோலை கிள்ளி விட்டா மெதுவா உள்ள போனா, மலத்துல ரத்தம் வந்தா, ஆறு மணி நேரமா ஒண்ணுக்கு போகலன்னா மெடிக்கல்ல நின்னு பேசிட்டு இருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

இந்த பவுடரோட மதிப்பு நமக்கு தெரியல, அதுதான் எனக்கு வருத்தம். 1971-ல வங்கதேசப் போர் நேரத்துல மேற்கு வங்கத்துல பங்கான் அகதி முகாம்ல காலரா பரவி, ஏத்தறதுக்கு சலைன் பாட்டில் தீந்து போனப்ப டாக்டர் திலீப் மகாலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்து டிரம்ல கரைச்சு வச்சு, நோயாளிங்களோட சொந்தக்காரங்க கையிலயே கப்பைக் குடுத்து ஊத்தச் சொன்னாரு. முகாம்ல காலரா வந்தவங்கள்ல நூத்துக்கு முப்பது பேர் வரைக்கும் செத்துட்டு இருந்தது நாலு பேருக்கும் கீழ வந்துச்சு. டாக்டரே இல்லாத இடத்துலயும் ஒரு அம்மா கையால உயிரைக் காப்பாத்தலாம்னு காட்டின மருந்து இது. அவரு 2022 அக்டோபர்ல இறந்தாரு, அதுக்கு அப்புறம்தான் 2023-ல பத்ம விபூஷண் அறிவிச்சாங்க.

பெரியவங்களுக்கும் ஒரு வார்த்தை. வெயில் காலத்துல நூறு நாள் வேலைக்கு போறவங்க, சக்கரை வியாதி இருக்கறவங்க எல்லாம் டயர்டா இருக்குன்னு அந்த டப்பாவை தினம் வாங்கிக் குடிக்கறாங்க, சுகர் ஏறாம என்ன செய்யும்? பிபி இருக்கறவங்க நிஜ ஓஆர்எஸ்ஸையும் கூல்ட்ரிங்ஸ் மாதிரி தினம் குடிக்கக்கூடாது, அதுல உப்பு இருக்கு. தாகத்துக்கு தண்ணியும் மோரும் போதும்.

அரசாங்கத்துக்கிட்ட ஒரே ஒரு கோரிக்கை எனக்கு இருக்கு. பவுடர் பாக்கெட் மேல கலக்கற முறைய அந்தந்த மாநில மொழியில, ஒரு லிட்டர் பாட்டில் படத்தோட, கண்ணுக்கு தெரியற சைஸ்ல போட வைங்க. இப்ப கடையில நான் ஒரு காலி லிட்டர் பாட்டிலை கவுண்டர்லயே வச்சிருக்கேன், யாரு பவுடர் கேட்டாலும் அதைக் காட்டி, "இந்தளவு தண்ணி, முழு பாக்கெட்"னு சொல்லித்தான் குடுக்கறேன்.

அந்தப் பாப்பாவை ஒருநாள் அட்மிஷன் போட்டு மறுநாள் சாயங்காலம் அனுப்பிட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு மாமியார் வந்தாங்க, ஜிங்க் மாத்திரை பதினாலு நாள் குடுக்கச் சொல்லியிருக்காங்களாம், பேதிதான் நின்னுருச்சே, மிச்சத்தை நிறுத்திரலாமான்னு கேட்டாங்க. நிறுத்தாதீங்கம்மா, அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு மறுபடி வராம இருக்கறதுக்கும் சேத்துதான் அதுன்னு சொன்னேன். சரின்னுட்டு, கிளம்பறதுக்கு முன்னாடி, வீட்ல இருக்கட்டும்னு பவுடர் பாக்கெட் ரெண்டு கேட்டு வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிட்டு போனாங்க.