பலாலியிலிருந்து சென்னைக்கு எத்தனை நிமிடம்?

பள்ளி அட்லசில் 80 பாகை கிழக்கு நெடுங்கோட்டைத் தேடி, யாழ்ப்பாணத்தில் விரலை வைத்து வடக்கே இழுத்துக்கொண்டு போங்கள். கடலைத் தாண்டிய விரல் சென்னைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் தூரத்தை ஒரே பெருக்கலில் கண்டுபிடித்துவிடலாம்.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வடக்கே 9.8 பாகையில் இருக்கிறது, சென்னை விமான நிலையம் 13 பாகையில். வித்தியாசம் 3.2. ஒரு பாகைக்கு 111 கிலோமீற்றர் என்றால், 355 கிலோமீற்றர். இந்த 111 எங்கிருந்து வந்தது? நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரையான தூரத்தைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கைத்தான் முதலில் மீற்றர் என்றார்கள். 10,000 கிலோமீற்றரை 90 பாகையால் வகுத்தால் 111 வந்துவிடும்.

பலாலியிலிருந்து விமானம் போகும் இன்னோர் ஊரான திருச்சி மேற்கே தள்ளி இருக்கிறது. பலாலியிலிருந்து வடக்கே 108, மேற்கே 149 கிலோமீற்றர். சாதாரண தரத்தில் படித்த பைதகரசின் தேற்றம் இங்கே கைகொடுக்கும்: 184 கிலோமீற்றர். சென்னைத் தூரத்தில் பாதிதான்.

சரி, நேரமும் பாதியாக வேண்டுமே? ஆவதில்லை. இந்த வழிகளில் பறக்கும் ஏடிஆர் 72, குட்டையான ஓடுபாதையிலும் இறங்கக்கூடிய, காற்றாடி சுழலும் விமானம். அது மணிக்கு 480 கிலோமீற்றரில் போவதாக வைத்துக்கொண்டால் சென்னைக்கு 44 நிமிடம், திருச்சிக்கு 23 நிமிடம். அட்டவணையிலோ சென்னைக்குச் சுமார் ஒன்றேகால் மணி நேரம், திருச்சிக்குச் சுமார் ஒரு மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்குவது, நிறுத்துமிடம் தேடிப் போவது எல்லாம் அந்த நேரத்துக்குள் அடக்கம். எவ்வளவு கிட்டப் போனாலும் இவற்றைச் சுருக்க முடியாது.

அப்புறம் காற்று. மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று எதிரே வீசினால் சென்னைக்கு 48 நிமிடம், பின்னால் தள்ளினால் 41. அதைவிட எனக்குப் பிடித்தது இறங்கும் இடத்தில் காற்று செய்யும் வேலை. விமானம் எதிர்காற்றில்தான் இறங்க விரும்பும், நிலத்தைத் தொடும் வேகம் அப்போதுதான் குறையும். பலாலி ஓடுபாதையின் இரு முனைகளிலும் 05, 23 என்று எழுதியிருக்கும். ஒரு பூச்சியத்தைச் சேர்த்தால் திசைகாட்டியில் 50, 230 பாகை, அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். வடகிழக்கிலிருந்து வீசும் நம்முடைய வாடைக்கும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகத்துக்கும் பொருந்திய திசைகள்!

சோளகம் வீசும் மாதங்களில் சென்னையிலிருந்து வரும் விமானம் கடற்கரைப் பக்கமிருந்தே தென்மேற்கு நோக்கி இறங்கிவிடலாம். வாடைக் காலத்தில் அது ஓடுபாதையைக் கடந்து, தென்மேற்கே உள்ள மல்லாகம் பக்கம் போய்த் திரும்பி, வந்த திசையைப் பார்த்தபடி இறங்க வேண்டும். சன்னலோரத்தில் இருப்பவருக்குப் பனங்கூடல்களையும் செம்மண் தோட்டங்களையும் இன்னும் சில நிமிடம் பார்க்கக் கிடைக்கும்.