டாக்டர் அறையில் வால்டர் வைட்: ‘பிரேக்கிங் பேட்’ முதல் சீசனும் புற்றுநோயின் முதல் சில வாரங்களும்

‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் என்றாலே பலருக்கும் ஞாபகம் வருவது போதைப்பொருள், துப்பாக்கி, நியூ மெக்சிகோ பாலைவனம். புற்றுநோய் மருத்துவரான எனக்கு அதன் முதல் சீசன் வேறு கதை. 2008 ஜனவரியில் ஏ.எம்.சி. சேனலில் தொடங்கியது. அப்போது நடந்த எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் 7 எபிசோடோடு நிறுத்திக்கொண்டார்கள். குற்றத்தை எடுத்துவிட்டால் மீதி எல்லாம் என் ஓ.பி.யில் அடிக்கடி பார்ப்பதுதான்.

வால்டர் வைட் ஆல்புகர்க்கி நகரத்தில் வேதியியல் ஆசிரியர். வயது 50. சம்பளம் போதாமல் கார் கழுவும் இடத்திலும் வேலை பார்க்கிறார். முதல் எபிசோடிலேயே இருமிக்கொண்டிருக்கிறார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மயங்கி விழுந்த பிறகு ஆம்புலன்ஸில் வழக்கமான கேள்வி வருகிறது: சிகரெட் உண்டா? கிடையாது. அப்புறம் ஸ்கேன், நுரையீரல் புற்றுநோய்.

இதைச் சினிமாவுக்காகச் செய்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலேயே நுரையீரல் புற்றுநோய் வருபவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேர் புகைபிடிக்காதவர்கள்தான். அவர்களுக்கு வருவதில் அடினோகார்சினோமா என்ற வகைதான் அதிகம். நம் ஊரில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. விடாத இருமல், எடை குறைவு, எக்ஸ்ரேயில் நிழல் என்றதும், சளியில் கிருமி உறுதியாகாமலேயே டி.பி. மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் நிழல் கரையவில்லை என்ற பிறகுதான் எங்களிடம் வருகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதியுங்கள். டி.பி. இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். இருமலில் ரத்தம் வந்தால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நோயைச் சொல்லும் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். டாக்டர் பேசிக்கொண்டே போகிறார். வால்டர் காதில் அவர் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல மங்கிவிடுகிறது. அவர் கண் டாக்டரின் கோட்டில் இருக்கும் கடுகு சாஸ் கறையிலேயே நிற்கிறது. ‘நான் சொன்னது புரிந்ததா?’ என்று கேட்டதும், அறுவைசிகிச்சை செய்ய முடியாது, கீமோ கொடுத்தால் அதிகபட்சம் ஓரிரண்டு வருடம் என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார். அப்புறம் கோட்டில் கறை இருக்கிறது என்கிறார். சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்பவருக்கு விஷயம் மனதில் இறங்கிவிட்டது என்று நாங்கள் நினைத்துவிடக் கூடாது. அந்த அறைக்குத் தனியாகப் போகாதீர்கள். கூட வருபவர் கையில் நோட்டு இருக்கட்டும். அனுமதி கேட்டு போனில் பதிவுசெய்துகொண்டாலும் சரி. ஒரு வாரம் கழித்து வந்து அதே கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வால்டர் தனியாகப் போனார், குடும்பத்துக்குப் பணம் சேர்க்கப் போதைப்பொருள் தயாரிப்பது என்று தனியாகவே முடிவும் எடுத்தார். கர்ப்பமாக இருக்கும் மனைவி ஸ்கைலரிடம் சொல்வதற்குள் அவர் பல படிகளைத் தாண்டிவிட்டார். இங்கே பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். மகன் முதலில் உள்ளே வந்து, ‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்’ என்பார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கு அநேகமாக ஏற்கெனவே தெரிந்திருக்கும். யார் யாரிடம் மறைத்தாலும், அவரவர் பயத்தை அவரவர் தனியாகத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாவது எபிசோடில், சிகிச்சை வேண்டாம் என்னும் வால்டரிடம் பேச ஸ்கைலர் குடும்பத்தைக் கூட்டி உட்கார வைக்கிறார். தலையணை யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். மூளை முடக்குவாதத்தோடு வளர்ந்த மகன், ‘கீமோவுக்கா பயப்படுகிறீர்கள்?’ என்று அப்பாவைச் சாடுகிறான். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் மச்சினி மேரியோ அவர் விருப்பப்படி விடுங்கள் என்கிறார். அக்கா தங்கை சண்டையாகிவிடுகிறது. கடைசியில் வால்டர் பேசுகிறார்: முடி கொட்டி, வாந்தியும் மாத்திரையுமாகக் கிடந்து, அந்தக் கோலம்தான் உங்கள் நினைவில் நிற்கும். இது மருத்துவம் வேண்டாம் என்ற பேச்சல்ல. துன்பத்தைப் பற்றிய பயம். அந்த இடத்தில், வலி, வாந்தி, பயம் என எல்லாத் துன்பத்தையும் தணிக்கப் பார்க்கும் ஒரு வலிநிவாரண (பாலியேட்டிவ்) மருத்துவர் இருந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். 2010இல் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் நடந்த ஆய்வில், பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய்க்கு ஆரம்பத்திலிருந்தே வலிநிவாரண சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். சராசரியாக ஆயுளும் கூடுதலாக இருந்தது: 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதம். ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்ற பிறகு போகும் இடம் என்று அதை ஒதுக்காதீர்கள்.

அடுத்த எபிசோடில் கீமோவால் வரும் வாந்தி நிஜம்தான், ஆனால் இன்று அதைக் கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் உண்டு. வால்டருடையது 3ஏ நிலை, அதாவது தூரத்து உறுப்புகளுக்கு இன்னும் பரவாதது. அந்த நிலையில் எல்லோருக்கும் அறுவைசிகிச்சை கூடாது என்பதும் இல்லை. செய்ய முடியாதவர்களுக்கு, கீமோவும் கதிர்வீச்சும் முடிந்த பிறகு கொடுக்கும் டுர்வாலுமாப் என்ற எதிர்ப்புசக்தி மருந்துக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பயாப்ஸி திசுவில் ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணு மாற்றம் தெரிந்தால் மாத்திரையே பலன் தரலாம். நம் நாட்டில், குறிப்பாகப் புகைபிடிக்காதவர்களிடம், இந்த மாற்றம் கணிசமாக உண்டு. ‘மரபணு பரிசோதனைக்கு அனுப்பியாயிற்றா?’ என்று கேட்டே ஆக வேண்டும்.

அதே எபிசோடில், வால்டரின் நெஞ்சில் கதிர்வீச்சுக்காக வைத்த சின்னப் புள்ளியைப் பார்த்ததும், அவரோடு சேர்ந்து போதைப்பொருள் தயாரிக்கும் ஜெஸ்ஸிக்குப் புரிந்துவிடுகிறது; அவன் அத்தைக்கும் அது இருந்தது. குடும்பத்துக்குப் பணம் சேர்க்கத்தான் இவ்வளவும் என்பதை இந்தப் பழைய மாணவன் அந்த ஒரு புள்ளியில் கண்டுபிடிக்கிறான்.

பணத்துக்கு வருவோம். சிகிச்சைக்கு ஏறத்தாழ 90,000 டாலர். பழைய நண்பர் உதவ முன்வந்தும் வால்டரின் தன்மானம் விடவில்லை. பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பாதி கீமோவில் காணாமல் போகிறவர்களை எனக்குத் தெரியும். முதல் நாளே மொத்தச் செலவு என்ன ஆகும் என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. எந்தச் சிகிச்சை அதில் வரும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் சொல்வார்கள். நடுவில் பணத் தட்டுப்பாடு வந்தால் வராமல் இருந்துவிடாதீர்கள், வந்து சொல்லுங்கள். விலை குறைந்த மருந்துக்கு மாற்றவோ, அரசு மருத்துவமனையில் தொடரவோ கடிதம் தர எங்களால் முடியும்.