பயிருக்கு நோய் வந்தால் மருந்துக் கடைக்குப் போகுமுன் பயிர் கிளினிக்

கோவா (முட்டைக்கோஸ்) வாடுகிறது என்று ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு கடைக்குப் போய், அங்கே எடுத்துக் கொடுத்த மருந்தைக் கடனுக்கு வாங்கி அடித்து, அதுவும் கேட்காமல் அடுத்ததை வாங்கி, கடைசியில் பயிரும் போய்க் கடனும் ஏறி நிற்பவர்களை நுவரெலியா பக்கம் எந்தத் தோட்டத்திலும் பார்க்கலாம். விவசாயத் திணைக்களத்தின் பயிர் கிளினிக்கில் இந்த நோயைக் காசு வாங்காமலே பார்த்துச் சொல்வார்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே, எந்த நாளில் என்று தெரியும். கேட்காமல் போகாதீர்கள், அவர் வெளிக்களத்தில் இருந்தால் அன்றைய நாட்சம்பளம்தான் நட்டம்.

தோட்ட லயங்களில் குடியிருக்கும் நம் ஆட்களைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இரண்டு வார்த்தையில் முடிந்துவிடும். ஒன்று, "காணி உறுதி இருக்கா?" உரமானியத்துக்கும் காப்புறுதிக்கும் கமநல நிலையத்தில் பதிவு கேட்பார்கள், அது வேறு கதை. நோயைக் காட்டக் காணி உறுதிப் பத்திரம் எதற்கு? "நான் மானியம் கேட்கவில்லை, நோய்க்கு ஆலோசனைதான் கேட்கிறேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டாவது, "தோட்டத்து ஆபிஸில் கேளுங்க." தோட்டம் பார்ப்பது தேயிலையை, உங்கள் லீக்ஸையும் உருளைக்கிழங்கையும் இல்லை. அங்கேயும் இங்கேயும் அலைய விடுவதற்குள் வயல் முழுக்க நோய் பரவிவிடும். அப்படி இழுத்தடித்தால் 1920க்கு அழையுங்கள், திணைக்களத்தின் ஆலோசனை எண் அது.

இலையை மட்டும் கொண்டுபோனால் பாதி நோய் பிடிபடாது. கோவாவில் வேர்முடிச்சு நோய் என்றால் வெயில் ஏறும்போது இலை தொங்கும், பிடுங்கிப் பார்த்தால்தான் வேர் இஞ்சிக் கிழங்குபோல் வீங்கியிருப்பது தெரியும். அதனால் வேரோடு, மண்ணோடு, நோய் இப்போதுதான் தொடங்கிய செடி ஒன்றையும் நல்ல செடி ஒன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுபோங்கள். பொலித்தீனில் கட்டினால் போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். உருளைக்கிழங்குச் செடி பச்சையாகவே வாடினால், தண்டை அடியில் வெட்டித் தெளிந்த தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். பால்போல் நூல் இறங்கினால் அது பக்டீரியா வாடல். மென்கோசெப் அடித்து ஒரு பிரயோசனமும் இல்லை, அது பூஞ்சண மருந்து.

கிளினிக்கில் தரும் மருந்துச் சீட்டைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. எந்த மருந்து, மருந்தடிக்கும் ஒரு டாங்கிக்கு எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்து அறுவடை, இந்த மூன்றும் அதில் இல்லாமல் எழும்பி வராதீர்கள். கடையில் "அது இல்லை, இதுவும் அதேதான்" என்று வேறொன்றை நீட்டினால் வாங்க வேண்டாம். லேபிளில் உள்ள மருந்தின் பெயரைச் சீட்டோடு ஒத்துப் பார்த்து, பில்லையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.