காடும் கண்மாயும் காக்கப் படிப்பவர்களுக்கு மாதத் தொகை: மதுரைப் பட்டதாரிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

விலங்கியல், தாவரவியல், சுற்றுச்சூழல் அறிவியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மதுரையில் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் இரண்டுதான். பி.எட். சேரு, இல்லாவிட்டால் குரூப் தேர்வுக்குப் படி. பல்லுயிர்ப் பாதுகாப்பையே தொழிலாக எடுக்கலாம், அதைக் கற்றுக்கொள்ளும் காலத்திலேயே மாதாமாதம் பணமும் வரும் என்பது பல வீடுகளுக்குத் தெரியவில்லை. மேலூர்ப் பக்கம் சில வருடங்களாகப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில், என்ன வேலை இது? காட்டுக்குள் கேமராவோடு சுற்றுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். நம்மூர்க் கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம். விவசாயிக்கு அது போக வேண்டும், தண்ணீர் நிற்க வேண்டும். மீன் பாசி ஏலம் எடுத்தவருக்கு மடையைத் திறக்கும் நாள் முக்கியம். வண்டல் அள்ள அனுமதி வாங்கியவர் கோடைக்குள் முடித்தாக வேண்டும். அதே கருவேலத்தின் மேல்தான் கொக்கும் நாரையும் அரிவாள் மூக்கனும் கூடு வைத்திருக்கின்றன. ஒரேயடியாக வெட்டினால் குஞ்சுகள் தண்ணீரில் விழும். வெட்டவே கூடாது என்றால் ஊர் ஒத்துக்கொள்ளாது. கூடு காலியாகும் மாதம் பார்த்து, பகுதி பகுதியாக வெட்டி, அந்த இடத்தில் நாட்டுக் கருவேலமோ மருதமோ வைக்க ஊரையும் துறைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கத்தான் இந்த உதவித்தொகைகள். பறவை பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. கணக்கு, சட்டம், பேச்சு மூன்றும் தெரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு நேராக அமைந்தது முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டம். சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறையின் திட்டம் இது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்துகிறார்கள். முதல் அறிவிப்பு 2023-ல் வந்தது. 40 பசுமைத் தோழர்கள் (தேர்வாகிறவர்களுக்கு அந்தப் பெயர்), இரண்டு ஆண்டுக் காலம், மாதம் 60,000 ரூபாய், பயணம், போன் செலவுக்கு மேலும் 10,000 ரூபாய் என்று அதில் இருந்தது. மாவட்டத்துக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியமர்த்துகிறார்கள். மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்துக்குக் கலெக்டர்தான் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். ஆக, இருபத்தைந்து வயதில் ஒரு பிள்ளை இந்த இருவரோடும் நேரடியாக வேலை செய்கிறது. மரம் நடுதல், ஈரநிலம், பிளாஸ்டிக் ஒழிப்பு, காலநிலை என எல்லாமே அந்த மேசைக்கு வரும். இது நிரந்தர அரசு வேலை அல்ல என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு வருடம் முடிந்ததும் பணி முடிந்தது. ஆனால் ஒரு மாவட்ட நிர்வாகம் எப்படி நகர்கிறது என்று உள்ளிருந்து பார்த்த அனுபவம் கையில் இருக்கும். என் கணிப்பில் சம்பளத்தைவிட அதுதான் பெரிது. தமிழில் சரளமாகப் பேச, எழுத வர வேண்டும். வயதும் கல்வித் தகுதியும் ஒவ்வொரு அறிவிப்பிலும் தனியாக வரும். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய தாளை நம்பாமல் அறிவிப்பையே வரி விடாமல் படியுங்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு நெட் (NET) என்ற தேசியத் தகுதித் தேர்வு. முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். சுற்றுச்சூழல் அறிவியல் யு.ஜி.சி. நெட்டில் இருக்கிறது, விலங்கியல், தாவரவியல் படித்தவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் உயிர் அறிவியல். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப் படி. 2023 ஜனவரியிலிருந்து இதுதான் விகிதம். இதைத் தவிர மத்திய அரசின் தேசிய ஃபெல்லோஷிப்புகளும் (ஆய்வு உதவித்தொகைகள்) உண்டு: பட்டியல் சாதியினருக்கு ஆண்டுக்கு 2,000 இடம், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 1,000, பழங்குடியினருக்கு 750.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். போன வருடம் கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். கையில் லேமினேட் செய்த சாதிச் சான்றிதழ், ஓரம் மஞ்சளாகிப்போனது, பத்தாம் வகுப்பில் வாங்கியது. "அக்கா, எங்கிட்ட இதுதான் இருக்கு, இது போதும்ல?" என்றாள். போதாது. அதில் பி.சி. என்று இருக்கும், அது மாநில அரசுக்கு. மத்திய அரசு கேட்பது ஓ.பி.சி. சான்றிதழ், அதுவும் வசதி படைத்த பிரிவில் இல்லை என்று அந்தக் காலகட்டத்துக்குத் தாசில்தார் கொடுத்தது. ஒரே இரவில் எங்கே வாங்குவது? பொதுப் பிரிவில் போட்டுவிட்டுப் போனாள். அவள் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். பெற்றோரின் சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் அந்த வசதிப் பிரிவுக்கான வருமானக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "எங்களுக்கு நிலம் இருக்கே, கிடைக்காது" என்று தாமாகவே ஒதுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளியூர் போய்ப் படிக்கத் தயார் என்றால்: டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் எம்.எஸ்சி. வனவிலங்கு அறிவியல், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) நிறுவனத்தில் வனவிலங்கு உயிரியலும் பாதுகாப்பும், போபாலில் இந்திய வன மேலாண்மை நிறுவனத்தின் எம்.பி.ஏ. போபாலுக்கு கேட் (CAT) போன்ற மேலாண்மை நுழைவுத் தேர்வு மதிப்பெண் வேண்டும். டேராடூனின் பத்து மாத வனவிலங்கு மேலாண்மை டிப்ளமோ ஏற்கெனவே பணியில் இருக்கும் வன அதிகாரிகளுக்கானது; பெயரைப் பார்த்துப் புதுப் பட்டதாரிகள் அதற்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டும் என்பவர்களுக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் முதுகலை இருக்கிறது.

நேர்காணலில் "உங்கள் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் வாயடைத்துப் போகக் கூடாது. மதுரைப் பிள்ளைக்கு அரிட்டாபட்டி தெரியாமல் இருக்கலாமா? 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், சுமார் 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளி. தேவாங்கும் அழுங்கும் உண்டு. காலை ஏழு மணிக்குள் போய்ப் பாறைக்குக் கீழே நின்று பாருங்கள். வெயில் ஏறிப் பாறை சூடானதும் ராசாளி சிறகை அசைக்காமல் வட்டமிட்டு மேலேறும். இதே நிலத்தை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024-ல் நடந்தது. ஊர்கள் திரண்டு எதிர்த்தன, 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது. அந்த வாதத்தில் பாரம்பரியத் தலம் என்ற அறிவிப்பு ஊராருக்குக் கைகொடுத்தது.

அதுபோன்ற அறிவிப்புக்கு அடிப்படை 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம். உள்ளாட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்கிறது அது. எந்தக் கண்மாயில் என்ன மீன், எந்தக் கோயில் காட்டில் என்ன மரம், எந்த வைத்தியரிடம் என்ன மூலிகை அறிவு என்று எல்லாம் அதில் வரும். விண்ணப்பம் போடும் முன்னால் உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அரைகுறையாக இருந்தால் அடுத்த கிராம சபையில் எழுந்து, நான் எழுத உதவுகிறேன் என்று சொல்லுங்கள். பெரியவர்களோடு உட்கார்ந்து அதில் நீங்கள் நிரப்பும் பக்கங்கள் நேர்காணல் மேசையில் எடுத்து வைக்கக்கூடிய முதல் அனுபவச் சான்று.