விலை பேசும்போது கூப்பிடாத பக்கத்துக் கிணறு

ஒரு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று சோதித்துச் சொல்வது என் வேலை. பம்பை ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்போம். முதலில் நிமிடத்துக்கு ஒரு முறை, அப்புறம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு முறை. அளவு நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் 'பீப்' என்று சத்தம் வரும். அப்போது கிணற்று விளிம்பில் தெரியும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காக இப்படி ஒரு சோதனை செய்தேன். நிலத்துக்காரரோடு பேசி, கன மீட்டருக்கு இவ்வளவு என்று விலையையும் முடித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் திருப்தி. வழக்கப்படி நான் 150 மீட்டர் தள்ளி இருந்த இன்னொருவரின் கிணற்றிலும் நாடாவை இறக்கினேன். காலை 6 மணிக்கு பம்ப் ஓட ஆரம்பித்தது. மதியம் வரை அந்தக் கிணற்றில் அசைவே இல்லை. சாயங்காலம் 4 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மறுநாள் விடியும்போது 19. கிணற்றுக்காரர் பக்கத்தில் நின்று எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்படின்னா, அங்கே விற்கிறது என் தண்ணீரையும் சேர்த்துத்தானே?" என்று கேட்டார்.

ஆமாம் என்பதுதான் சரியான பதில். தண்ணீர் ஓடும் பாறை வெடிப்புக்குள் எல்லைக்கல் கிடையாது. ஆனால் அன்றைக்கு நான் கொடுத்த அறிக்கையில் அந்த 19 சென்டிமீட்டர் பின்னிணைப்பில் ஒரு வரியாக நின்றது. விலைக் கணக்கில் அதற்கு இடமில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

தண்ணீருக்கும் காற்றுக்கும் சந்தை விலை வைத்தால் வீணாக்குவது நின்றுவிடும் என்று சொல்பவர்களை நான் ஒதுக்கவில்லை. சும்மா கிடைப்பதை யாரும் எண்ணிச் செலவழிப்பதில்லை, அது உண்மை. ஆனால் விலை என்பது வாங்குபவரும் விற்பவரும் பேசி முடிப்பது. நிலத்தடி நீரிலும் காற்றிலும் மூன்றாவதாக ஒருவர் எப்போதும் இருக்கிறார். அவரை யாரும் பேச்சுக்குக் கூப்பிடுவதில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். வீட்டுக் குழாய்க்கு நாம் கட்டும் கட்டணம் பெரும்பாலும் குழாய், மின்சாரம், குளோரின், ஆள் கூலி இவற்றுக்கானது. தண்ணீர் என்ற பொருளுக்கு அதில் அநேகமாக ஒன்றும் இல்லை. உலகில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் விவசாயத்துக்குப் போகிறது. அதனால் வீட்டுக் கட்டணத்தை மட்டும் ஏற்றினால் மிச்சமாகும் தண்ணீர் கொஞ்சம், ஏழைகளுக்கு வலி அதிகம். தண்ணீர் ஒரு பொருளாதாரப் பண்டம் என்று 1992-ல் டப்ளினில் நடந்த சர்வதேச நீர் மாநாடு சொன்ன கொள்கையைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். சுத்தமான தண்ணீர் கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பது எல்லா மனிதர்களின் அடிப்படை உரிமை, அதை முதலில் ஏற்க வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. அந்தப் பாதியை வாசிப்பவர்கள் குறைவு.

சரி, விலை எப்போது வேலை செய்கிறது? காற்றில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமில மழையைத் தடுக்க அமெரிக்கா 1990-ல் சட்டம் திருத்தி, 1995 முதல் மின்நிலையங்கள் கந்தக டை ஆக்சைடு வெளியிடும் அனுமதிகளை வாங்கி விற்க விட்டது. சந்தையின் வெற்றி என்று இதைப் புகழ்வார்கள். ஆனால் சந்தைக்கு முன்பே இரண்டு காரியங்கள் நடந்தன. மின்நிலையங்களின் மொத்த வெளியேற்றம் 1980-ல் இருந்ததில் கிட்டத்தட்ட பாதிக்கு இறங்க வேண்டும் என்று உச்சவரம்பு போட்டார்கள். புகைபோக்கிகளில் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். காற்றைக் காப்பாற்றியது அந்த வரம்பு. குறைக்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதை விலை பிரித்துக்கொடுத்தது, அவ்வளவுதான். கரியமில வாயு வெளியிடும் அனுமதிகளை வாங்கி விற்க 2005-ல் தொடங்கிய ஐரோப்பியக் கார்பன் சந்தையில் முதல் கட்டத்தில் தேவைக்கு மேல் அனுமதிகளைக் கொடுத்துவிட்டார்கள். 2007-க்குள் அவற்றின் விலை பூஜ்யத்தை நெருங்கிவிட்டது. வரம்பு தளர்ந்தால் விலைக்கும் பலம் இல்லை.

வரம்பைச் சரியாகப் போடாமல் உரிமையைச் சந்தைக்கு விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலி நாட்டைப் பார்க்கலாம். 1981 சட்டம் தண்ணீர் எடுக்கும் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து, வாங்கி விற்கும் தனிச்சொத்தாக மாற்றியது. உரிமைகளை இலவசமாக, காலவரம்பே இல்லாமல் கொடுத்தார்கள். பல ஆற்றுப் படுகைகளில் இருக்கும் தண்ணீரைவிடக் காகிதத்தில் இருந்த உரிமை கூடுதலாகிவிட்டது. பெட்டோர்கா பகுதியில் மலைச்சரிவெல்லாம் அவகாடோ தோப்பு, கீழே கிராமத்துக்காரர்களுக்கு லாரித் தண்ணீர். 2022-ல் சட்டத்தைத் திருத்தி, குடிநீருக்கு முன்னுரிமை, புதிய உரிமைகளுக்கு அதிகபட்சம் 30 ஆண்டு என்று கொண்டுவந்தார்கள். அதற்குள் 40 ஆண்டுகள் போய்விட்டன.

என் துறைக்கு மிக நெருக்கமான கதை லாஸ் ஏஞ்சலிஸ் கடற்கரையை ஒட்டிய வெஸ்ட் பேசின் என்ற நிலத்தடி நீர்ப்படுகையுடையது. போட்டி போட்டு உறிஞ்சியதில் நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போய், உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. கிணறு வைத்திருந்தவர்கள் 1940-களில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கிருந்தபடியே பேசி, ஆளுக்கு இவ்வளவுதான் என்று எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கணக்கைப் பார்க்க ஒரு கண்காணிப்பாளரையும் வைத்தார்கள். எடுக்கும் தண்ணீருக்கு வரி அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்தப் பணம் நிலத்தடியில் திரும்பத் தண்ணீர் சேர்க்கப் போனது. இதை ஆராய்ந்துதான் எலினார் ஆஸ்ட்ரம் 1965-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்மணி அவர். ஒருவரையொருவர் நம்பாத ஆட்கள்கூட ஒரே அளவுமானியை நம்பினால் ஒப்பந்தத்துக்கு வர முடியும் என்பதை நான் இதிலிருந்துதான் புரிந்துகொண்டேன்.

உங்கள் பக்கத்தில் தண்ணீர் விற்பனைப் பேச்சு வந்தால், விலை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். ஒரு வருடத்தில் மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் எவ்வளவு, எடுக்கப்போவது எவ்வளவு? கோடையில் அளந்தார்களா, மழை முடிந்த கையோடு அளந்தார்களா? மழை முடிந்ததும் அளந்தால் எந்தக் கிணறும் தாராளமாகத்தான் தெரியும். பக்கத்துக் கிணறுகளின் மட்டம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பம்பை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இதற்குப் பதில் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

இப்போது என் அறிக்கைகளில் பக்கத்துக் கிணறுகளின் அட்டவணை முதல் பக்கத்திலேயே வருகிறது. விலைக் கணக்கு அதற்குப் பின்னால்தான். பணம் தருபவர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை, மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நான் மாற்றுவதில்லை. சோதனை நாளில் அந்தக் கிணற்றுக்காரர்களையும் வரச் சொல்கிறேன். நாடாவை அவர்கள் கையிலேயே கொடுத்து, 'பீப்' சத்தம் வந்ததும் எண்ணை வாசிக்கச் சொல்கிறேன். அதை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.