எந்த முடிவுக்காக இந்த மென்பொருள்?

கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பம்ப், மோட்டார், வார்ப்பு உதிரிப்பாகங்கள் தயாரிக்கும் சிறு, நடுத்தர ஆலைகளுக்குச் செலவுக் கணக்காளராகப் பணிபுரிந்து வருகிறேன். எந்த ஈஆர்பி (கொள்முதல், இருப்பு, விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் இணைக்கும் மென்பொருள்) வாங்கலாம், எந்த டாஷ்போர்டு (முக்கிய எண்களை ஒரே திரையில் காட்டும் பலகை) நன்றாக இருக்கும் என்பதுதான் ஆலை உரிமையாளர்கள் அண்மைக்காலமாக என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. பதில் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் ஒன்று கேட்பேன்: இதை வைத்துக்கொண்டு நீங்கள் எடுக்கப்போகும் முடிவு எது? "எல்லாம் ஒரே இடத்தில் தெரிய வேண்டும்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்த எண்ணத்தோடு வாங்கப்படும் மென்பொருள் பில் போடவும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்யவும் உதவுகிறது. ஆனால் எந்தச் சரக்கை எவ்வளவு வாங்குவது, எந்த ஆர்டரை எந்த விலைக்கு ஏற்பது, யாருக்கு முதலில் பணம் கொடுப்பது என்பவையெல்லாம் பழையபடி உரிமையாளரின் மனக்கணக்கிலேயே நடக்கின்றன.

இது இன்று முளைத்த சிக்கலல்ல. அமெரிக்க மேலாண்மை அறிஞர் ரஸல் ஏகாஃப் 1967-இலேயே இதைப் பற்றி எழுதினார். மேலாளர்களுக்குத் தேவையான தகவல் கிடைப்பதில்லை என்று கருதித்தான் தகவல் அமைப்புகளை வடிவமைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் அதைவிட அதிகமாகத் திணறுவது தேவையற்ற தகவல் குவிவதால்தான் என்பது அவருடைய வாதம். தான் எடுக்கும் முடிவு எவற்றைச் சார்ந்தது என்று சரிவரத் தெரியாத மேலாளர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாத் தகவலையும் கேட்பார் என்றும் அவர் சொன்னார். திங்கட்கிழமை காலையில் உரிமையாளரின் மேசைக்கு வந்து, மாலைவரை புரட்டப்படாமலேயே கிடக்கும் ரிப்போர்ட் கட்டுகளை நான் பல ஆலைகளில் பார்க்கிறேன். கேட்டு வாங்கிய ரிப்போர்ட்டுகள்தாம் அவை.

நிறுவனங்களுக்குள் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்ற ஆய்வுக்காக 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், ஒருமுறை விதி வகுத்துவிட்டால் அதன்படியே திரும்பத் திரும்ப எடுக்கக்கூடிய முடிவுகளையும், ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்தாக வேண்டிய முடிவுகளையும் 1960-இல் வேறுபடுத்திக் காட்டினார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டனி கோரியும் மைக்கேல் ஸ்காட் மார்ட்டனும் 1971-இல் இதை மேலும் விரித்து, ஒரு பகுதியைக் கணக்காகப் போட்டுவிடலாம், மறுபகுதியை மனிதர்தான் எடைபோட வேண்டும் என்றிருக்கும் நடுவகை முடிவுகளைத் தனியே அடையாளம் கண்டார்கள். கணினி தானே தீர்ப்புச் சொல்லாமல் மேலாளருக்குத் துணை நிற்க வேண்டிய இடம் அதுவே என்றார்கள். முடிவு ஆதரவு அமைப்பு என்ற கருத்து பரவலானது இதற்குப் பிறகுதான். ஸ்காட் மார்ட்டன் அதற்கு முன்பே, 1960-களில், ஹார்வர்டில் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக ஒரு சோதனை நடத்தியிருந்தார். சலவை இயந்திரத் தயாரிப்பில் விற்பனை மேலாளர்களும் உற்பத்தி மேலாளர்களும் 21 அங்குலத் திரையையும், அதைத் தொட்டுக் குறிக்கும் ஒளிப்பேனாவையும் பயன்படுத்தி உற்பத்தித் திட்டத்தை ஒருங்கிணைத்தார்கள். அன்றைய கணினி இன்றைய கைப்பேசிக்கு அருகில்கூட வராது. ஆனாலும் அது ஒரே ஒரு முடிவுக்காக, யார் எடுக்கிறார்கள், எவ்வளவு அடிக்கடி எடுக்கிறார்கள் என்பதெல்லாம் தெரிந்து அமைக்கப்பட்டது. பல லட்சம் கொடுத்து நாம் வாங்கும் மென்பொருளுக்கு அந்தத் தெளிவு பெரும்பாலும் இருப்பதில்லை.

விதி வகுத்துவிடக்கூடிய முடிவுக்கு நம் ஆலைகளிலேயே நல்ல உதாரணம், குறு, சிறு நிறுவனங்களுக்கான பணப்பட்டுவாடா. அவர்களுக்குத் தர வேண்டிய தொகையை, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும், இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்தில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம் என்ற வருமான வரி விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. இதில் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. சப்ளையர்களின் விவரப் பட்டியலான சப்ளையர் மாஸ்டரில், உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா, குறுவா சிறுவா நடுத்தரமா, உற்பத்தியாளரா வெறும் வியாபாரியா என்ற விவரங்களைச் சேர்த்துவிட்டால், எந்த பில்லை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று மென்பொருளே வரிசைப்படுத்தித் தந்துவிடும். இப்படிப்பட்ட முடிவுகளை முழுவதுமாக மென்பொருளிடம் விட்டுவிடலாம், விடத்தான் வேண்டும்.

கொள்முதல் அப்படிப்பட்டதல்ல, கவனம் அதிகம் தேவைப்படுவதும் அதற்குத்தான். ஒரு பேரிங் நாளொன்றுக்கு 40 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் கொடுத்து ஏழு நாளில் சரக்கு வந்துவிடும் என்று மென்பொருளில் பதிந்திருந்தால், பாதுகாப்பு இருப்பை (தாமதத்தைச் சமாளிக்க வைத்திருக்கும் கூடுதல் சரக்கை) விட்டுவிட்டுப் பார்த்தால், இருப்பு 280-க்கு இறங்கும்போது அது ஆர்டர் போடச் சொல்லும். சரக்கு வர உண்மையில் 18 நாள் ஆகிறதென்றால் 720-லேயே சொல்லியிருக்க வேண்டும். இடையில் உள்ள 11 நாள் அசெம்பிளி வரிசை நிற்கும், அல்லது பக்கத்துக் கடையில் அதிக விலைக்கு வாங்குவார்கள். இந்த ஏழு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், மென்பொருளை நிறுவிய நாளில், கட்டம் காலியாக இருக்கக்கூடாதே என்று எல்லாச் சரக்குக்கும் பொதுவாக அடித்துவைத்த எண் என்று தெரியவரும்.

அப்படியானால் உண்மையான நாள்களை மென்பொருளே கணக்கிடட்டுமே என்று தோன்றும். பர்ச்சேஸ் ஆர்டர் (பிஓ) தேதிக்கும் ஸ்டோர்ஸில் ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு) போட்ட தேதிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தால் போதும் என்றுதான் மென்பொருள் விற்பவரும் சொல்வார். சிறிய ஆலைகளில் நடப்பதோ வேறு. உரிமையாளர் கைப்பேசியில் ஆர்டர் சொல்லிவிடுவார். சரக்கு வேனில் வந்து இறங்கியபின், பில்லைச் சேர்ப்பதற்கு பிஓ எண் தேவை என்பதால், அதே நாளில் பிஓவும் ஜிஆர்என்னும் அடுத்தடுத்துப் போடப்படும். மென்பொருளின் கணக்கில் அந்தச் சப்ளையர் ஆர்டர் கொடுத்த அன்றே சரக்கு கொண்டுவருபவர் ஆகிவிடுகிறார். இந்தத் தரவின்மேல் எவ்வளவு நுட்பமான கணிப்பு மாதிரியை வைத்தாலும், செயற்கை நுண்ணறிவையே பூட்டினாலும், பிழையான விடைதான் அழகான வரைபடமாக வரும். தொலைபேசியில் ஆர்டர் சொன்ன அன்றே ஒரு வரி பிஓ போட்டுவிடும் பழக்கம் எந்தப் புதிய மென்பொருளைவிடவும் பயன் தரும். அதற்குச் செலவும் இல்லை.

சரக்குகளின் பெயர்ப் பட்டியலான ஐட்டம் மாஸ்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே 6203 பேரிங், "பேரிங் 6203", "6203 இசட்இசட்", கம்பெனிப் பெயரோடு 6203, "பால் பேரிங் 17 எம்எம்" என்று நான்கைந்து பெயர்களில் பதிவாகியிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ஒவ்வொரு பெயரிலும் கொஞ்சம் இருப்பு கிடக்க, ஒரு பெயரில் இருப்பு தீர்ந்துவிட்டதென்று மென்பொருள் புதிதாக வாங்கச் சொல்லும். சரி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடலாம் என்று கணினி அறையில் உட்கார்ந்து இணைத்தால் வேறொரு சிக்கல் வரும்: இருபுறமும் உலோக மூடியுள்ள இசட்இசட் வகையும், ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகையும் அளவில் ஒன்றானாலும் பயன்பாட்டில் வேறானவை. அதனால்தான் ஸ்டோர்ஸ் பொறுப்பாளரும் பொருத்துநரும் பக்கத்தில் இல்லாமல் ஐட்டம் மாஸ்டரைச் சுத்தம் செய்யக்கூடாது என்று வலியுறுத்துகிறேன். பெரிய நிறுவனங்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013-இல் கனடாவில் கடைகளைத் திறந்து, 133 கடைகளையும் மூடப்போவதாக 2015 ஜனவரியில் அறிவித்தது. அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல. புதிய மென்பொருளில் அவசரமாக ஏற்றப்பட்ட பொருள் விவரங்களில் இருந்த பிழைகளும், அதனால் கிடங்கில் சரக்கு குவிந்திருக்க, கடை அலமாரிகள் காலியாகக் கிடந்ததும் அவற்றில் முக்கியமானவை.

எக்செல்லைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நம் ஆலைகளின் நடுவகை முடிவுகள் பெரும்பாலும் அதில்தான் எடுக்கப்படுகின்றன. ஆனால் ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் பாங்கோ பல ஆண்டுகளாகத் தொகுத்த தணிக்கை ஆய்வுகள், நிறுவனங்களில் நடைமுறையில் இருக்கும் விரிதாள்களில் மிகப் பெரும்பாலானவற்றில் பிழை இருப்பதைக் காட்டுகின்றன. ஜேபி மார்கன் வங்கிக்கு 2012-இல் லண்டன் அலுவலக வர்த்தகத்தில் 600 கோடி டாலருக்கு மேல் நட்டம் ஏற்பட்டது. அதன்பின் வங்கியே வெளியிட்ட அறிக்கையில், இடரை அளக்கும் மாதிரி கையால் நகலெடுத்து ஒட்டும் எக்செல் தாள்களில் இயங்கியதும், சராசரியால் வகுக்க வேண்டிய இடத்தில் கூட்டுத்தொகையால் வகுத்ததால் இடர் குறைவாகத் தெரிந்ததும் பதிவாகியுள்ளன. நட்டம் முழுவதற்கும் அந்தச் சூத்திரமே காரணமல்ல என்றாலும், எச்சரிக்க வேண்டிய எண் வாயடைத்து நின்றது. ஆர்டருக்கு விலை குறிக்கும் எக்செல் தாளை எழுதியவரைத் தவிர இன்னொருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது சூத்திரம் சூத்திரமாகப் பார்க்க வேண்டும். கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்கு எடிட் லாக் (ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் வசதி) கட்டாயமாகிவிட்டது. விலை குறிக்கும் எக்செல் தாளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதற்கோ பெரும்பாலும் எந்தத் தடயமும் இருப்பதில்லை.

இனி, மென்பொருள் சொல்வதை மனிதர் மாற்றுவதைப் பற்றி. ராபர்ட் ஃபில்ட்ஸ், பால் குட்வின் ஆகியோர் தம் சகாக்களுடன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு நிறுவனங்களில் 60,000-க்கும் மேற்பட்ட விற்பனைக் கணிப்புகளைப் பரிசீலித்தது. கணினி தந்த எண்ணை மேலாளர்கள் சிறிய அளவில் மாற்றியபோது துல்லியம் பலமுறை கெட்டது. பெரிய அளவில் குறைத்தபோது பெரும்பாலும் மேம்பட்டது. கூட்டியபோதோ அந்த அளவுக்குப் பலனில்லை. விற்றுவிடலாம் என்ற நம்பிக்கை கணக்கை மீறிப்போனதே காரணம். கோடை தொடங்கும் முன் டீலர்கள் சொல்லும் எண்ணிக்கையை நம்பி உற்பத்தியைக் கூட்டிய எந்த பம்ப் ஆலைக்கும் இது புரியும். அதற்காக மனிதரின் அறிவை ஒதுக்கிவிட முடியாது. தமிழக அரசு 2021-இல் ஒரு லட்சம் புதிய விவசாய மின் இணைப்புகள் தரும் திட்டத்தைத் தொடங்கியது. பம்ப் தேவையைக் கூட்டக்கூடிய அந்தச் செய்தி, கடந்த ஆண்டுகளின் விற்பனையை மட்டும் பார்க்கும் எந்த மாதிரிக்கும் தெரியாது. நல்ல காரணத்தோடு செய்யும் பெரிய மாற்றத்தையும், கை அரித்துச் செய்யும் சில்லறை மாற்றத்தையும் பிரித்தறிய வேண்டும். அதற்கு ஒரே வழி, மாற்றும்போதெல்லாம் மென்பொருளின் எண், நம் எண், காரணம் ஆகிய மூன்றையும் எழுதிவைத்து, ஆறு மாதம் கழித்து உண்மை விற்பனையோடு ஒப்பிடுவது.

மேலாளர்கள் மென்பொருளைக் கைவிடுவதற்கும் ஒரு காரணம் கண்டறியப்பட்டிருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்வோர்ஸ்ட், சிமன்ஸ், மாஸி ஆகியோர் 2015-இல் வெளியிட்ட சோதனைகளில், கணிப்பு முறை ஒருமுறை தவறுவதைப் பார்த்தவர்கள், அது மனிதரைவிடக் குறைவாகவே தவறுகிறது என்று தெரிந்தும் அதை விட்டு விலகினார்கள். அவர்களே செய்த பின்னைய ஆய்வில், கணிப்பைச் சிறிதளவு மாற்றும் உரிமை கொடுத்தால் மக்கள் அதை ஏற்றுப் பயன்படுத்துவது தெரியவந்தது. ஆகவே பர்ச்சேஸ் மேலாளருக்கு மாற்றும் உரிமையை அடியோடு பூட்டிவிடாமல், ஒரு வரம்புக்குள் அனுமதிப்பதே நல்லது.

புதிய மென்பொருளுக்கு டெமோ பார்க்கப்போகிறவர்கள், விற்பவர் கொண்டுவரும் மாதிரித் தரவைப் பார்த்து மயங்க வேண்டாம். நட்டம் தந்த ஒரு கொள்முதலை உங்கள் ஆலையிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரக்கின் ஓராண்டு பிஓ, ஜிஆர்என், வழங்கல் பதிவுகளைக் கொடுத்து, முடிவெடுத்த அந்த நாளில் இந்த மென்பொருள் எந்தத் திரையில் என்ன காட்டியிருக்கும் என்று கேளுங்கள். அந்தப் பதிவுகளை எடுத்துத் தருவதற்கே உங்கள் ஸ்டோர்ஸுக்கு ஒரு வாரம் ஆகிறதென்றால், மென்பொருள் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, பதிவுகளைச் சீராக்கும் வேலையை முதலில் தொடங்குங்கள்.